பிரவுசரா, மொபைலா, லினக்ஸா? ஆன்லைன் ஆர்பிஜி செய்வோரின் கேள்விகள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர். வேலை நேரம் போக, கொடோ 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் 2டி ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி விளையாடும் கேம்) ஒன்று செய்கிறோம். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, பிரவுசர் ஐந்திலும் ஓட வேண்டும் என்று ஆசை. எதில் தொடங்குவது? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் பிரவுசர் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுங்கள். மற்ற நான்கையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பிரவுசரைக் கடைசியில் சேர்க்கப் போனால் நெட்வொர்க் பகுதியையே பிரித்து மேய வேண்டிவரும். பிரவுசருக்குள் ஓடும் நிரலால் யுடிபி (வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் வேகமாக அனுப்பும் முறை) பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, நேரடியாக அனுப்ப முடியாது. கொடோவில் பலரும் எடுக்கும் ஈநெட் என்ற நெட்வொர்க் நூலகம் யுடிபி மேல்தான் ஓடுகிறது. எனவே பிரவுசருக்கு வெப்சாக்கெட் (சர்வரோடு திறந்தே இருக்கும் இணைப்பு) அல்லது வெப்ஆர்டிசி (இரு முனைகள் நேரடியாகப் பேசும் முறை). பின்னதற்கு, இரு முனைகளையும் முதலில் அறிமுகப்படுத்தத் தனியாக சிக்னலிங் சர்வர் வேண்டும், உங்களுக்கு அது வீண் சுமை. ஐந்து தளங்களுக்கும் வெப்சாக்கெட்டையே வையுங்கள்.

அதில் ஒரு குறை உண்டு. எல்லாம் வரிசையாக வந்து சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி மேல் வெப்சாக்கெட் ஓடுவதால், ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை காத்துக் கிடக்கும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு இது ஆகாது. நொடிக்கு 10 முறை நிலையை அனுப்பும் ஆர்பிஜி தாங்கும். மற்ற வீரர்களின் நகர்வை 150 முதல் 200 மில்லிநொடி தாமதித்து, இடைப்பட்ட புள்ளிகளை நிரப்பிக் காட்டுங்கள். சின்னத் தடங்கல் கண்ணில் படாது.

உங்கள் கணினியில் ஓடியது, வலையில் ஏற்றியதும் இணையாது. கேம் வெளியிடும் இட்ச் போன்ற தளங்கள் பக்கத்தை எச்டிடிபிஎஸ்ஸில் (குறியாக்கிய இணைப்பில்) தருவதால், குறியாக்கம் இல்லாத வெப்சாக்கெட்டை பிரவுசர் தடுத்துவிடும். டொமைன் பெயரும் சான்றிதழும் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ் இலவசம், 90 நாள் செல்லும், புதுப்பிப்பைத் தானியங்கியாக்கிவிடுங்கள். சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் இணைப்புகளை வாங்கி சர்வருக்குக் கடத்தும் மென்பொருள்) வைத்தால், 60 நொடி எந்தச் செய்தியும் வராத இணைப்பை அது துண்டித்துவிடும். அந்தக் கால வரம்பை உயர்த்தி, சர்வரிலிருந்து 20 நொடிக்கு ஒரு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்புங்கள்.

அந்தப் பிங் வெப்சாக்கெட் நெறிமுறையின் பிங்காக இருக்கட்டும். ஆட்டக்காரர் வேறு டேபுக்குப் போனதும் கேம் லூப் (கேமைத் தொடர்ந்து இயக்கும் சுழற்சி) நின்றுவிடும். நீங்கள் எழுதிய ‘உயிரோடு இருக்கிறேன்’ செய்தி அப்போது போகாது, நெறிமுறைப் பிங்குக்கு பிரவுசரே பதில் சொல்லிவிடும். ஆனால் லூப் நின்றிருக்கும் நேரத்தில் செய்திகள் குவியும். கொடோவில் உள்வரும் செய்திகள் காத்திருக்கும் பஃபரின் இயல்பு அளவு 64 கேபி, அது நிரம்பினால் மிச்சம் கீழே விழும். ஆட்டக்காரர் திரும்பி வந்ததும் பழைய செய்திகளை நம்பாமல், சுற்றியுள்ள முழு நிலையையும் ஒருமுறை புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

நிரலை சி# மொழியில் எழுதுகிறீர்களா? கொடோ 4-இன் 4.4 வரையான பதிப்புகளில் சி# திட்டத்தை வலைக்கு ஏற்றுமதி செய்ய வழியில்லை. பிரவுசர் வேண்டுமானால் கொடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட்தான்.

கேள்வி: பிளே ஸ்டோரில் புதிய பதிப்பு பரிசீலனையில் இருக்கும்போது விண்டோஸ் பதிப்பை வெளியிட்டோம். அன்றிலிருந்து ஆண்ட்ராய்டில் கத்தி வைத்திருந்தவர்களுக்கு மீன் தெரிகிறது. சிலருக்கு ‘ஆர்பிசி செக்சம்’ பிழையும் வருகிறது. (திருச்சி வாசகி)

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

கத்தி மீனானதற்குக் காரணம், பொருள்களுக்குப் பட்டியல் வரிசையை எண்ணாகக் கொடுத்திருப்பீர்கள். நடுவில் புதிய பொருளைச் செருகியதும் கீழே உள்ளதெல்லாம் ஒன்று தள்ளிப்போனது. ஒவ்வொரு பொருளுக்கும் கையால் நிரந்தர எண் கொடுங்கள். பொருளை நீக்கினாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குத் தராதீர்கள். டேட்டாபேசில் பழைய எண்கள் இருந்தால், மாற்றும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

செக்சம் (இரு பக்கமும் ஒன்றா என்று சரிபார்க்கும் எண்) பிழை கொடோ 4-இன் சுபாவம். ஒரு நோடில் (கேமின் ஒரு உறுப்பில்) அறிவித்துள்ள ஆர்பிசிகளின், அதாவது மறுமுனையில் இயங்கும்படி அழைக்கும் செயல்களின், பட்டியல் சர்வரிலும் கிளையண்டிலும் (ஆட்டக்காரரிடம் உள்ள கேமிலும்) ஒன்றாக இருக்க வேண்டும். சர்வரில் ஒரே ஒரு ஆர்பிசியைச் சேர்த்தாலும், அதை யாரும் அழைக்காவிட்டாலும், பழைய கிளையண்ட் பொருந்தாது. பல ஸ்டோர்களில் வெளியிடும் ஆன்லைன் கேமுக்கு இது ஒத்துவராது என்பது எங்கள் கருத்து. ஆர்பிசியைக் கைவிட்டு, நீங்களே வடிவமைத்த பாக்கெட்டுக்கு மாறுங்கள்: 2 பைட் செய்தி வகை, 2 பைட் நீளம், பிறகு உள்ளடக்கம். நீளம் தெரிவதால், தனக்குப் புரியாத செய்தியைப் பழைய கிளையண்ட் தாண்டிப் போய்விடும்.

இணைந்தவுடன் கிளையண்ட் தன் நெறிமுறை எண்ணை (பாக்கெட் வடிவத்தின் பதிப்பு எண்) சொல்லட்டும். சர்வர் நடப்பு எண்ணையும் அதற்கு முந்தையதையும் ஏற்க வேண்டும், அதற்கும் பழையது என்றால் ‘புதுப்பிக்கவும்’ என்று காட்டி நிறுத்த வேண்டும். இரண்டையும் ஏற்கும் சர்வர் முதலில் ஏறட்டும். பிறகு எல்லா ஸ்டோர்களுக்கும் பில்ட் (தயாரான பதிப்பு) அனுப்புங்கள். பிளே கன்சோலில் நிர்வகிக்கப்பட்ட வெளியீட்டு வசதியை இயக்கினால், ஒப்புதல் கிடைத்த பதிப்பு நீங்கள் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். எல்லாம் வெளியானபின் புதிய வசதியை சர்வரிலிருந்து திறந்துவிடுங்கள்.

பிளே ஸ்டோருக்குப் புதிதாக வருவோருக்கு: 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், பொது வெளியீட்டுக்கு முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். கணக்குக் கட்டணம் ஒரே முறை 25 டாலர்.

கேள்வி: விண்டோஸ் எடிட்டரில் தெரியும் மரங்கள் லினக்ஸ் பில்டில் காணோம். சி++ மொழியில் நாங்கள் எழுதிச் சேர்த்த நீட்சியோ சிலருடைய கணினியில் ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்று நின்றுவிடுகிறது. கம்பைல் செய்வது (நிரலை ஓடும் கோப்பாக்குவது) உபுண்டு 22.04 லினக்ஸில். (மதுரை வாசகர்)

பதில்: மரம் காணாமல் போனது கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்தால். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், கொடோவின் பேக் கோப்பு பார்க்காது. ஆகவே விண்டோஸுக்கே ஏற்றுமதி செய்து பார்த்தாலும் அந்த மரங்கள் இருக்காது. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்குங்கள். விண்டோஸில் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக மட்டும் மாற்றினால், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், கிட்டின் நகர்த்தும் கட்டளையாலேயே பெயரை மாற்றுங்கள்.

கொடோவின் அதிகாரபூர்வ ஏற்றுமதி டெம்ப்ளேட்டில் பிழையில்லை, கோளாறு உங்கள் நீட்சியில். ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம். அதன் 2.34 பதிப்பில், ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் திரெட் நூலகம் முதன்மை நூலகத்தோடு சேர்க்கப்பட்டது. அதன் பிறகான கணினியில் கம்பைல் செய்த, திரெட் பயன்படுத்தும் நிரல் 2.34-ஐக் கேட்கும். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, பழைய லினக்ஸ்களான டெபியன் 11-இலும் உபுண்டு 20.04-இலும் 2.31. புதியதில் செய்தது பழையதில் ஓடாது, பழையதில் செய்தது புதியதில் ஓடும். டெபியன் 11 கன்டெய்னருக்குள் (கணினிக்குள் தனியாக ஓடும் லினக்ஸ் சூழலுக்குள்) கம்பைல் செய்யுங்கள். ஸ்டீம் கேம் கடையின் ‘ஸ்னைப்பர்’ ரன்டைமும் (கேம்கள் ஓடும் சூழல்) டெபியன் 11-ஐ அடிப்படையாகக் கொண்டதுதான்.

கேள்வி: மேக்கில் ‘ஆப் சேதமடைந்துள்ளது’ என்கிறது. (கோவை வாசகர்)

பதில்: ஆப் சேதமடையவில்லை. இணையத்தில் இறக்கிய, கையொப்பமும் ஆப்பிள் சோதித்துத் தரும் நோட்டரி முத்திரையும் இல்லாத ஆப்புக்கு அந்தச் செய்தி வரும். ஆண்டுக்கு 99 டாலர் கட்டி டெவலப்பர் கணக்கு எடுத்தால்தான் முழுத் தீர்வு. மேக் ஆட்டக்காரர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவே என்றால், பிரவுசர் பதிப்பைக் காட்டிவிடுங்கள். அந்தப் பணத்துக்கு சர்வர் வாடகை கட்டலாம்.

கேள்வி: வீட்டுக் கணினியையே சர்வராக்கலாமா? 100 பேர் வருவார்கள் என்று நினைக்கிறோம். (சேலம் வாசகர்)

பதில்: சோதனைக்கு மட்டும். இங்கே பல பிராட்பேண்டு இணைப்புகளில் பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுத்தான் தருகிறார்கள். ரவுட்டரில் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

கணக்கையும் பாருங்கள். 100 பேர் ஒரே சந்தையில் நிற்க, ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய நிலையையும் 20 பைட் வீதம் நொடிக்கு 10 முறை அனுப்பினால் 100 × 100 × 20 × 10, அதாவது நொடிக்கு 20 லட்சம் பைட். மாதம் முழுக்க அப்படியே போனால் 5 டெராபைட்டைத் தாண்டும். வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, அருகிலுள்ள 15 பேரை மட்டும் அனுப்பினால் நொடிக்கு 3 லட்சம் பைட்தான்.

கேள்வி: ஆட்டக்காரர் பெயரைத் தமிழில் வைக்க விட்டோம். பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன, ஒரே பெயரில் இருவர் இருக்கிறார்கள், பிரவுசரில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: பிரவுசர் பதிப்புக்கு சிஸ்டம் எழுத்துரு எட்டாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைக் கேமோடு சேர்த்துவிடுங்கள்.

எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். முருகேஸ்வரி என்பது பார்வைக்கு 6 எழுத்து, குறியீடுகள் 11, பைட் 33. பெயருக்கு 16 பைட் ஒதுக்கியிருந்தால் ‘முருக’வோடு நிற்கும், மிச்சமுள்ள ஒரு பைட் உடைந்த குறியாகும். டேட்டாபேசில் 64 பைட்டாவது விடுங்கள். வரம்பை உயிர்மெய்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் கணக்கிடுங்கள்.

‘கொ’வை க-வுடன் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, டேட்டாபேசுக்கு அவை வேறு. பெயரைச் சேமிக்கும் முன் சர்வரிலேயே என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ொ, ோ, ௌ, ஔ நான்குக்கும் மாற்றீடு எழுதினால் தமிழுக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை நீக்குங்கள். தமிழ் எண்களையும் பெயரில் அனுமதிக்காதீர்கள்: ௧ என்பது க போலவும் ௭ என்பது எ போலவும் தெரிவதால், அட்மின் பெயரைப் போலவே பெயர் வைத்துப் பொருள் பிடுங்குவார்கள்.