வராதவரை யார் தேடுவது?

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸ் இலவசம், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. அப்படியும் பலர் வகுப்புக்கு வருவதில்லை. 75 சதவீத வருகை இல்லாதவர்களை வெளியே அனுப்பி, அந்த இடத்தை ஆர்வம் உள்ளவர்களுக்குக் கொடுத்தால் என்ன? (தருமபுரி வாசகர்)

பதில்: யாருக்குக் கொடுப்பீர்கள்? இரண்டாம் ஆண்டில் ஒருவர் நின்றுபோன இடத்துக்குப் பெரும்பாலும் புதிதாக யாரும் வந்து சேர்வதில்லை. அந்த இருக்கை மூன்றாம் ஆண்டு வரை காலியாகத்தான் கிடக்கும்.

வருகைப் பதிவேட்டைக் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். முகூர்த்த நாளில் பையன்கள் குறைவார்கள். கேட்டரிங் வேலைக்கு, மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். முந்தின இரவு ரிசப்ஷனில் தொடங்கி மதியச் சாப்பாடு வரை நின்றால் அன்றைக்கே கையில் காசு. வீட்டில் அதை எதிர்பார்த்திருப்பார்கள். அப்புறம் வருகை 65-க்கும் 75-க்கும் இடையில் விழுந்தால், பல பல்கலைக்கழகங்களில் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான ‘கண்டொனேஷன்’ கட்டணம் கட்டினால்தான் பரீட்சை. காசு இல்லாமல் வகுப்பை விட்டவனிடம் காசு கேட்கிறோம். அதைக் கட்ட அவன் இன்னொரு மண்டபத்துக்குப் போவான்.

பெண்கள் விஷயம் வேறு. கல்லூரியில் மாலை வரை நடக்கும் இரண்டாவது ஷிப்ட் வகுப்பு முடிந்து கிராமத்துப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பாஸ் இருந்தாலும் அந்த நேரத்துக்குப் பஸ் வேண்டுமே! நாலு நாள் இருட்டி வீடு திரும்பினால் ‘படிச்சது போதும்’ என்ற பேச்சு வந்துவிடும். 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறது. அதை மனதார வரவேற்கிறேன்.

என் ஆதங்கம் ஒன்றுதான். பிளஸ் டூ முடித்து எங்கும் சேராதவர்களைப் பட்டியல் எடுத்து ‘உயர்வுக்குப் படி’ முகாமுக்கு அழைத்து வந்து சேர்க்கிறோம். சேர்ந்தவர் பத்து நாள் வராவிட்டால் தேட ஆள் இல்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர், ஆங்கிலப் பாடநூலில் திணறி, முதல் செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்ததும் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிடுகிறார். எனக்குத் தெரிந்த பேராசிரியை ஒருவர், மூன்று நாள் வராதவருக்கு அன்று மாலையே போன் செய்வார். திட்ட மாட்டார். ‘என்னப்பா ஆச்சு?’ என்றுதான் ஆரம்பிப்பார். முதல் செமஸ்டரிலாவது இதை ஒவ்வொரு துறையும் செய்யட்டும். அதற்குப் பிறகும் வராதவரைப் பற்றி நீங்கள் கேட்பதைப் பேசலாம்.

சரி, நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரியில் மாலை ஷிப்ட் விடும் நேரத்தையும், அங்கிருந்து கிராமங்களுக்குக் கிளம்பும் கடைசிப் பஸ்களின் நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம், போக்குவரத்துக் கழகத்துக்கும் அனுப்புகிறோம்.