பல வருடம் கழித்துப் பறக்கிறேன், இன்ஸ்ட்ரக்டர் ஆகலாமா?

கேள்வி: கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுத்து 250 மணி நேரம் பறந்தவன் நான். வேறு வேலைக்குப் போய் 14 வருடம் ஆகிவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதே இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியையும் சேர்த்து முடித்துவிடலாமா?

பதில்: சேர்த்துச் செய்யாதீர்கள். கற்பிப்பவருக்குக் கவனத்தில் பாதி மாணவன் மேல் இருக்க வேண்டும். உங்கள் கவனம் முழுவதையும் விமானமே இழுத்துக்கொண்டால் அவனைப் பார்ப்பது யார்?

பணம் கட்டும் முன் மெடிக்கலை முடியுங்கள். ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று காலாவதி ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வதேசப் பறத்தலுக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும்.

கை பழக்கம் சீக்கிரம் திரும்பிவிடும். மறந்துபோவது வரிசைகள்தான்: செக்லிஸ்ட், ரேடியோ பேச்சு, எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியவை. இவற்றுக்கு எரிபொருள் செலவழிக்க வேண்டாம். காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்விட்சையும் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வேகங்களை இப்போது ஓட்டப்போகும் விமானத்தின் கையேட்டிலிருந்து எடுங்கள். பழைய விமானத்தின் எண்கள் இதற்குப் பொருந்தாது.

தயாரா என்று அறிய ஒரு சோதனை உண்டு. இடது சீட்டில் இருந்தபடி, செய்வதையெல்லாம் விளக்கிக்கொண்டே ஒரு சர்க்யூட் (கிளம்பி, ரன்வேயைச் சுற்றி வந்து, மறுபடி இறங்குவது) சுற்றுங்கள். பேசும்போதும் குறித்த உயரத்திலிருந்து 100 அடிக்கு மேலும், இறங்க வரும்போது குறித்த வேகத்திலிருந்து 5 நாட்டுக்கு (knot) மேலும் விலகாமல் இருந்தால், இன்ஸ்ட்ரக்டர் உட்காரும் வலது சீட்டுக்கு மாறலாம்.

கேள்வி: வலது சீட்டில் எது கஷ்டம்?

பதில்: லேண்டிங். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது கைக்கு வருவது இரண்டொரு தடவையில் பழகிவிடும். கண் பழகத்தான் நாளாகும். எஞ்சின் மூடியின் நடுப்பகுதியை ரன்வே நடுக்கோட்டோடு பொருத்தினால், இடது சீட்டில் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலது சீட்டில் வலப்பக்கம். அப்படியே தரை தொட்டால் சக்கரங்களுக்குப் பக்கவாட்டு அடி. ரன்வேக்குப் போகும் பாதையான டாக்ஸிவேயின் கோட்டில் விமானம் நேராக நிற்கும்போது, உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே மூடியில் தெரியும் ரிவெட் ஆணி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நேர் பார்ப்பதற்கு அதுதான் அடையாளம். கருவிகளையும் சாய்வாகப் பார்ப்பீர்கள். முள் சற்று விலகித் தெரியும்.

இதைவிட முக்கியம், மாணவனின் தவற்றை அது முற்றும் முன் பிடிப்பது. பைனலுக்கு (ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதி) திரும்பும்போது ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால், சாய்வைக் கூட்டப் பயந்து, திரும்பும் பக்கத்து ரடரை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் பெடல்) மிதிப்பான். மூக்கு தாழும், ஸ்டிக்கை இழுப்பான். சாய்வு தானாகக் கூடும். அதைக் குறைக்க எதிர்ப்பக்கம் ஏலரான் (சாய்வை மாற்றும் இறக்கைப் பலகை) கொடுப்பான். இந்த நிலையில் ஸ்டால் ஆனால் (இறக்கை தூக்கும் விசையை இழந்தால்) ஸ்பின்தான் (சுழன்றபடி விழுவது), அந்த உயரத்தில் மீள இடம் கிடையாது. பக்கச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவை விட்டு நகர்ந்த கணமே கட்டுப்பாட்டை வாங்கி, கோ அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறுவது) செய்யுங்கள். யார் கையில் விமானம் இருக்கிறது என்பதை இருவரும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில், எஞ்சின் போடும் முன்பே இதைப் பழக்கிவிடுங்கள்.