பெரியப்பா சொல்லும் காலேஜ் சீட்டுக்கு நகையை அடகு வைக்காதீர்கள்

அம்மா, மகள் பிளஸ் டூ முடிப்பதற்குள்ளேயே மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு நகையை அடகு வைத்தாவது முன்பணம் கட்டிவிடச் சொல்கிறார் பெரியப்பா, அவளோ அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் கட்டாதீர்கள். வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை. நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போவதும் அவர் இல்லை.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பஸ் டிக்கெட் ஆப்பில் தாத்தா திணறியதைப் பார்த்து, அந்தத் திரை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நோட்டில் வரைந்து காட்டினாளாமே! அதற்கென்றே இன்டராக்‌ஷன் டிசைன் என்று ஒரு துறை இருக்கிறது; ஆப், மெஷின் எல்லாம் மனிதர்களுக்குச் சுலபமாகப் புழங்கும்படி வடிவமைப்பது அது.

அந்த வகுப்பில் கோடிங்குக்கு முன்னால் மனிதர்களைக் கவனிக்கத்தான் பழக்குவார்கள். ஏடிஎம் முன்னால் ஒருவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எங்கே பக்கத்து ஆளிடம் கார்டை நீட்டுகிறார் என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அப்புறம் ஒரு தாளை எட்டாக மடித்து, எட்டு நிமிடத்தில் எட்டு யோசனை வரையச் சொல்வார்கள். முதல் இரண்டு மூன்று எல்லோருக்கும் தோன்றுவதுதான். அவை தீர்ந்த பிறகு திணறித் திணறி வருகிறதே, அதற்காகத்தான் அந்தப் பயிற்சி. கற்பனை பிறவியிலேயே வர வேண்டும் என்பதெல்லாம் இல்லை.

பிறகு ஒவ்வொரு திரையையும் காகிதத்தில் வரைந்து ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் விரல் வைக்க வைக்க, ஒரு மாணவர் கம்ப்யூட்டராக நின்று தாளை மாற்றுவார். வரைந்தவர் வாயே திறக்கக் கூடாது. விரல் வைப்பவர் தடுமாறினால் தப்பு அவருடையது இல்லை, வரைந்த திரையுடையது. ஐந்து பேரிடம் இப்படிக் காட்டினாலே பெரிய குறைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வு, டிசைன் பட்டப்படிப்பில் சேர ஒரு வாசல். எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் எழுதலாம்; படம் வரையும் பகுதியும் உண்டு. வழக்கமாக அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. கிடைக்காவிட்டால் கட்டணம் குறைவான அரசுக் கல்லூரியில் ஒரு பட்டம் முடித்துவிட்டு, சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற டிசைன் முதுகலைப் படிப்புக்குப் போகலாம், அதற்கு வயது வரம்பு கிடையாது. எந்தக் கல்வி நிறுவனம் என்ன பட்டம் கேட்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசைன் என்று பெயர் போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் கல்லூரிக்கும் இதே கண்டிப்புதான். கடன் வாங்கித்தான் சேர்க்க வேண்டும் என்றால், அங்கே படிக்கும் பிள்ளைகள் செய்த வேலைகளை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் பணம் கட்ட வேண்டாம். பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அவளைப் பேச வைக்காதீர்கள்.