வெளியே போன பந்து உள்ளே வரும்போது

ஃபுட்பாலில், ஓரக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோவில், எறிந்தவர் பந்தைத் தன் கோலிக்கே (கோல்கீப்பருக்கே) போட்டார். அது நேராக வலைக்குள் போய்விட்டது. கோல் உண்டா? (தூத்தூர்)

கிடையாது. எதிரணிக்கு கார்னர், அதாவது மூலையிலிருந்து ஒரு உதை. இதே த்ரோ எதிரணியின் கோலுக்குள் நேராகப் போனால் கோல் கிக், அதாவது அந்த அணி தன் கோலுக்கு முன்னாலிருந்து உதைக்கும். ஆனால் நடுவில் யார் மேலாவது பட்டதா என்று பார்க்காமல் விசிலைத் தூக்கக் கூடாது. நான் அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மழை பெய்து ஓய்ந்த மைதானம். டிஃபெண்டர் எறிந்த பந்து சேற்றில் வழுக்கி, கோலியின் பூட்ஸ் நுனியில் உரசி உள்ளே போனது. நான் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பித்து கார்னர் காட்டினேன். கோலியின் ஆள் ஒருவரே, "சார், பட்டுச்சு" என்றார். தன் அணிக்கு எதிராகப் பேசுகிற ஆட்டக்காரரை அன்றுதான் பார்த்தேன். கோலி தொட்டிருந்தால் அது கோல்தான். கையால் தடுக்கப் பார்த்து நழுவவிட்டாலும் கோல்தான்.

கோல் கிக் பாக்ஸை (பெனால்டி ஏரியாவை) விட்டு வெளியே வந்தால்தானே செல்லும்? எங்கள் கோச் இன்னும் அப்படித்தான் சொல்கிறார். (வியாசர்பாடி)

2019 வரை அவர் சொன்னது சரி. இப்போது பந்தை உதைத்து அது தெளிவாக நகர்ந்தாலே போதும், ஆட்டம் தொடங்கிவிட்டது. பாக்ஸுக்குள் நிற்கும் டிஃபெண்டர் வாங்கி ஆடலாம். எதிரணி மட்டும் அதுவரை பாக்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். கோச்சிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நாய் குறுக்கே ஓடி வந்ததால் ஆட்டத்தை நிறுத்தினார்கள். முன்பெல்லாம் மறுபடி தொடங்க ரெஃப்ரி பந்தைக் கீழே போடும் டிராப் பாலுக்கு இரண்டு பேர் மோதுவார்களே? (யாழ்ப்பாணம்)

அந்தக் காட்சி போயே போய்விட்டது. கணுக்கால் உதைகள் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. இப்போது பந்தை ஒரே ஒருவருக்குத்தான் போடுவார்கள். மற்றவர்கள் எல்லோரும், அவருடைய அணிக்காரர்கள் உட்பட, 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பாக்ஸுக்குள் பந்து இருந்தபோது நிறுத்தியிருந்தால் தடுக்கும் அணியின் கோலிக்கு. வெளியே என்றால், 2025-26 சீசனிலிருந்து, பந்து யார் வசம் இருந்ததோ அல்லது யாருக்குப் போயிருக்குமோ அந்த அணிக்கு. அது ரெஃப்ரிக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால், கடைசியாகத் தொட்ட அணிக்கு. அப்புறம், டிராப் பாலை வாங்கியவர் அப்படியே அடித்து கோல் போட முடியாது. குறைந்தது இரண்டு ஆட்டக்காரர்கள் தொட்டிருக்க வேண்டும்.

நாய் வந்ததற்காகவே விசில் ஊதத் தேவையில்லை. ஓரமாக ஓடிப் போனால் விட்டுவிடலாம்.

எங்கள் கோலி பந்தைப் பிடித்துக்கொண்டு நேரம் கடத்தினார். ரெஃப்ரி எதிரணிக்கு கார்னர் கொடுத்தார். இப்படி ஒரு விதி உண்டா? (சென்னை)

உண்டு. இதுவும் 2025-26இல் வந்ததுதான். பந்து கோலியின் கைக்குள் முழுசாக அடங்கியதிலிருந்து 8 விநாடி. கடைசி ஐந்தை ரெஃப்ரி கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார். பழைய விதி 6 விநாடி, தாண்டினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராக கோல் அடிக்க முடியாத உதை). அதை யாரும் ஊதியதே இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை. பாக்ஸுக்குள் ஃப்ரீ கிக் கொடுத்தால் வரும் ரகளைக்குப் பயந்தே பலர் கண்டுகொள்ளாமல் விட்டோம். கார்னர் கொடுப்பதற்கு அவ்வளவு தைரியம் வேண்டியதில்லை.

கிக் ஆஃபில் நேரடியாக கோல் அடிக்கலாமா? (திருச்சி)

எதிரணி கோலுக்குள் அடிக்கலாம். தன் கோலுக்குள் அடித்தால் கார்னர்.

லண்டனில் என் சித்தப்பா நடந்து ஆடும் ஃபுட்பால் ஆடுகிறார். ஃப்ரீ கிக்குக்கு நாலடி ஓடி வந்து உதைத்தாராம், பந்தைப் பிடுங்கி எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்களாம். நியாயமா? (கோவை)

நியாயம்தான். 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் வயதானவர்களுக்காகத் தொடங்கிய இந்த ஆட்டத்தில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். உதைக்க வருகிற அந்த நாலடிக்கும் அதே கணக்கு. ஃப்ரீ கிக் அங்கே பொதுவாக இன்டைரக்ட்தான், அதனால் அவர் கோல் அடித்திருந்தாலும் செல்லாது. சைடு லைனைத் தாண்டிய பந்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதில் மட்டும் போட்டிக்குப் போட்டி வித்தியாசம் இருக்கும். சித்தப்பாவை ஆட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடியதற்காகப் பந்தைப் பறிகொடுத்ததை வீட்டில் பெருமையாகத்தான் சொல்லியிருப்பார்.