தலையை மட்டும் பார்த்தால் எப்படி?

கேள்வி: பழைய கிரேக்கச் சிலைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி அழகழகாக இருக்கின்றன. சுருக்கம், வழுக்கை என்று உள்ளது உள்ளபடி செதுக்கியவர்கள் ரோமானியர்கள்தானே? ஒரு மனிதனின் முகச்சாயலைப் பிடிக்கக் கிரேக்கர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லலாமா?

– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சொல்லலாம், ஆனால் தப்பு.

கி.மு. 6ஆம் நூற்றாண்டோடு நிறுத்தியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். ஏதென்ஸ் அருகே அனவிசோஸில் கிடைத்த குரோய்சோஸ் சிலை, போரில் மாண்ட ஓர் இளைஞனின் நினைவுச் சின்னம். நின்று இரங்கிவிட்டுப் போகும்படி பீடத்து வரிகள் வழிப்போக்கனைக் கேட்கின்றன. முகத்திலோ அக்காலத்துச் சிலைகளுக்கெல்லாம் பொதுவான அதே புன்னகை. ஆள் யார் என்பதைப் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் வந்தவர்கள் வேண்டுமென்றே அழகுபடுத்தினார்கள். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸுக்குத் தலை கொஞ்சம் நீளம். நகைச்சுவை நாடகக்காரர்கள் 'நரிவெங்காயத் தலையன்' என்றே கிண்டல் செய்தார்கள். அதை மறைக்கத்தான் அவருடைய சிலைகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தலைக்கவசம் மாட்டினார்கள் என்கிறார் பழங்கால வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் புளூட்டார்க். தளபதி பதவிக்கான அடையாளம் அது என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் கருத்து. எனக்கு புளூட்டார்க் சொல்வதுதான் பிடித்திருக்கிறது.

தெரியாமல் செய்தார்களா? கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தெமெத்ரியோஸ் செய்த ஒரு சிலையைக் கிரேக்க எழுத்தாளர் லூசியன் வர்ணிக்கிறார்: தொப்பை, வழுக்கை, புடைத்த நரம்பு, காற்றில் பறக்கும் தாடி மயிர். தெமெத்ரியோஸ் அழகை விட்டுவிட்டுச் சாயலையே துரத்துகிறார் என்று ரோமானியரான பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியனே குறைப்பட்டுக்கொண்டார்! உயிரோடு இருப்பவரின் முகத்திலேயே சுண்ண அச்சு எடுத்தவர் லிசிஸ்திரத்தோஸ் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அவரும் கிரேக்கர்தான்.

நீங்கள் பார்த்த படங்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரேக்கர்கள் பொது இடத்தில் வைத்தது பெரும்பாலும் முழு உருவச் சிலை. தங்கள் மாளிகைக்கும் தோட்டத்துக்கும் தலையை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டவர்கள் ரோமானியர்கள். அந்தத் தலைகளைப் பார்த்துவிட்டுக் கிரேக்கர்களுக்கு மதிப்பெண் போடுகிறோம்.

மாசிடோனிய அரசை எதிர்த்து முழங்கிய ஏதென்ஸ் பேச்சாளர் தெமோஸ்தனிஸின் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்து 42 ஆண்டுகள் கழித்து, கி.மு. 280இல், ஏதென்ஸ் சந்தைவெளியில் பொலியூக்தோஸ் செய்து வைத்தது. மூலம் போய்விட்டது, பிரதிகள் இருக்கின்றன. ஒட்டிய கன்னம், நெரிந்த புருவம், மெலிந்த கைகள், கவிழ்ந்த பார்வை. எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றுக்குக் கீழே விரலோடு விரல் கோத்த கைகள். மாசிடோனியாவிடம் தோற்ற மனிதர் என்பதை அந்தக் கைகளே சொல்லிவிடும். வத்திக்கான் பிரதியில் கைகள் உடைந்திருந்தன. பழுது பார்த்தவர்கள் புதுக் கை பொருத்தி, அதில் ஓர் ஏட்டுச் சுருளையும் கொடுத்துவிட்டார்கள். ஆள் பேச்சாளர் ஆகிவிட்டார், துயரம் போய்விட்டது.

கோத்த விரல்களுக்கு புளூட்டார்க் ஒரு சாட்சி வைத்திருக்கிறார். மேலதிகாரி விசாரணைக்கு அழைத்ததும், ஒரு சிப்பாய் தன் பொன்னை ஏதென்ஸில் இருந்த அந்த மூலச் சிலையின் கைக்குள் ஒளித்துவிட்டுப் போனானாம். பக்கத்து மரத்து இலைகள் விழுந்து மூடிக்கொள்ள, திரும்பி வந்தபோது பொன் அப்படியே இருந்தது. தெமோஸ்தனிஸின் கை எவ்வளவு சுத்தம் என்று ஊர்ப் புலவர்கள் போட்டி போட்டுப் பாடினார்கள். உயிரோடு இருந்தபோது, லஞ்சம் வாங்கினார் என்று 50 தாலந்து வெள்ளி என்ற பெருந்தொகையை அபராதமாக விதித்ததும் அதே ஊர்தான்.