பிச்சாவரத்தின் இரு பக்கமும் சேலத்துத் தண்ணீர்

கடலைப் பற்றி வந்த வாசகர் கேள்விகளில் மூன்றுக்கு இம்முறை பதில்.

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் கடல் பாதுகாப்பு பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள். அவள் இன்னும் கடலையே பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று எழுதுவது? (வாசகி, ஆத்தூர்)

பதில்: வசிஷ்ட நதியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஆத்தூர் வழியே ஓடும் அந்த ஆறு, சுவேத நதியுடன் கூடி வெள்ளாறு என்ற பெயரில் பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழையோ திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் இறங்கிக் காவிரியில் சேர, அந்தக் காவிரி பெருகும் காலத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்பட்டுக் கடலுக்குப் போகிறது. வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. அதாவது, அந்தக் காட்டுக்கு வடக்கே உங்கள் ஆத்தூர்த் தண்ணீர், தெற்கே ஏற்காட்டுத் தண்ணீர். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கும்வரை எனக்கும் இது உறைக்கவில்லை.

அலையாத்தி மரங்களின் வேர்ப்பின்னலுக்குள் இறாலும் மடவையும் குஞ்சுப் பருவத்தைக் கழித்துவிட்டு, வளர்ந்த பிறகே வெளிக்கடலுக்குப் போகின்றன. அவற்றுக்கு நாம் அனுப்பும் கேடு என்றால் பலருக்கும் பிளாஸ்டிக் பைதான் நினைவுக்கு வரும். அது உண்மைதான், ஆனால் தண்ணீரில் கரைந்து போவதே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. வயலில் இட்ட யூரியாவின் மிச்சமும் வீட்டுச் சாக்கடையும் முகத்துவாரத்தை அடையும்போது அங்குள்ள நுண்பாசிகளுக்கு உரமாகின்றன. பாசி அளவு மீறிப் பெருகி, பிறகு மடிந்து அழுகும்போது, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், மீன்குஞ்சுகள் மூச்சுத் திணறிச் சாகின்றன. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் நம் வட்டாரத்தில், மாவுச்சத்து நிறைந்த கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால், பாசியின் உதவிகூட இல்லாமல் ஆற்றிலேயே அந்த வேலை நடந்து முடிந்துவிடும்.

கோடையில் ஆறு வறண்டு கிடக்கையில் மடுக்களில் தேங்கிய அத்தனையும் ஐப்பசி மழையின் முதல் வெள்ளத்தில் ஒரே மூச்சில் கிளம்புகிறது. பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கருங்காப்பி நிறத் தண்ணீர், அதன் மேல் சோப்பு நுரை, நுரையில் ஒற்றைச் செருப்பும் தெர்மாகோல் துண்டுகளும். உங்கள் மகள் அதையே பார்த்து எழுதட்டும்.

கேள்வி: ஏப்ரல், மே மாதங்களில் மீன்பிடித் தடை என்கிறார்கள். ஆனால் சேலத்து மீன் கடைகளில் கடல் மீன் கிடைத்துக்கொண்டுதானே இருக்கிறது? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை, ஆனால் அது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடிவதால், மே முடியும்வரை கேரளத்து மீனும் வரும். தட்டில் இருப்பது கட்லாவோ ஜிலேபியோ என்றால் அது கடல் மீனே அல்ல. அணையிலோ ஏரியிலோ வளர்ந்தது.

பல மீன் இனங்கள் முட்டையிடும் பருவம் என்பதால் இந்த இடைவெளி. விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவை மடி என்ற வலை கடலடியைப் பெருக்கியது போல் வாரிச் செல்வதும் அந்த இரண்டு மாதம் நிற்கிறது. ஆயினும் தடை நீங்கிய சில நாட்களிலேயே விரல் நீளச் சங்கரா குவியலாக விற்பனைக்கு வந்தால், காத்திருந்ததற்குப் பலன் பாதிதான். ஒரு முறைகூட முட்டையிடாத மீனை வாங்காமல் இருப்பது நம் கையில் உள்ளது. (நெத்திலிக்கு இது பொருந்தாது, அது வளர்ந்தாலும் அவ்வளவுதான்.)

கேள்வி: ராமேஸ்வரம் போன உறவினர் வெள்ளைப் பவளப்பாறைத் துண்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். கண்ணாடி மீன் தொட்டியில் வைக்கலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: கூடாது. பவளம் கல் அல்ல, உயிரினம். உங்களிடம் இருப்பது அதன் எலும்புக்கூடு. பவளப்பாறை வகைகள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், விற்பதும் வாங்குவதும் குற்றம். உருண்டை வடிவில் வளரும் பவளங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. கைப்பிடி அளவுத் துண்டு உருவாகவே பல ஆண்டுகள் பிடித்திருக்கும். மன்னார் வளைகுடாவில் முன்பு சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்கும் அரண் போய், 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகே கரைந்து சிறுத்துப்போன வான் தீவைக் காப்பாற்றக் காங்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

வந்த துண்டைப் பற்றி அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். தொட்டிக்குக் கூழாங்கல் போதும்.