பகல் 11 மணிக்குக் கச்சேரி: வாசகர் கேள்வி பதில்

பின்னலாடை கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான். பையரைப் பார்க்க அமெரிக்காவில் நாஷ்வில் போகிறேன். மீட்டிங் மறுநாள்தான், முதல் நாள் பகல் சும்மா கிடக்கிறது. அங்கே பிராட்வே என்று ஒரு தெருவாம், காலையிலேயே பாரில் பாட்டு தொடங்கிவிடுமாம். போகலாமா? பர்ஸைக் காலி பண்ணிவிடுவார்களா?
(வாசகர், திருப்பூர்)

தாராளமாகப் போங்க. சொல்லப்போனால் அந்தத் தெருவுக்குப் பகலில்தான் போகணும். ராத்திரி நெருப்புப் பெட்டிக்குள் குச்சி அடைத்த மாதிரி கூட்டம், ஒரு கடைப் பாட்டு பக்கத்துக் கடைப் பாட்டின் மேல் ஏறி மிதிக்கும், எதுவும் காதில் தங்காது.

நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்று. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர்தான். மேடை எங்கே என்று தேடினால் வாசல் ஜன்னலை ஒட்டியே இருக்கிறது, தெருவில் போகிறவர்களுக்கு டிரம்மர் முதுகுதான் தெரியும். காதோரம் நரைத்த ஒருத்தர் ஸ்டீல் கிட்டாரை மேசை மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு குனிந்து வாசிக்கிறார், பக்கத்தில் காபி கப். அவருக்கு அது காலை ஷிப்ட். நிஜமாகவே ஷிப்ட்தானுங்க, நம்ம மில் மாதிரியே. பத்து மணிக்கு ஒரு குழு ஏறினால் நாலு மணி நேரம், அப்புறம் அடுத்த குழு, இப்படியே நடுராத்திரி தாண்டி ஓடும். சங்கு ஊதாதது ஒன்றுதான் குறை.

இந்த பார்களுக்கு ஹாங்கி டாங்க் என்று பேர். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது. ஆனால் பாடுகிறவர்கள் முக்கியமாக டிப்ஸை நம்பித்தான் பிழைக்கிறார்கள். நாலு பாட்டுக்கு ஒரு தடவை யாராவது வாளியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார்கள். அப்போது செல்போனைப் பார்க்கிற மாதிரி நடிக்காதீங்க. நோம்பியில் பம்பைக்காரர் சட்டையில் நோட்டைக் குத்துகிறோம் இல்லையா, அதே கணக்கு. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அஞ்சு டாலராவது போடுங்க, குறிப்பிட்ட ஒரு பாட்டைப் பாடச் சொல்வதாக இருந்தால் இருபது. பீர் ஊற்றுகிறவருக்கு கிளாஸுக்கு ஒன்றிரண்டு டாலர் தனி. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்க, 21 வயது ஆனதற்குச் சான்று கேட்பார்கள், தலை நரைத்திருந்தாலும்.

ஊதா நிறத்தில் ஒரு கடை தெரியும், டூட்சீஸ் ஆர்க்கிட் லவுஞ்ச். 1960இல் டூட்சி பெஸ் என்ற அம்மா தொடங்கியது. அதன் பின்வாசலுக்கு எதிரே, ஒரு சந்து தாண்டினால் ரைமன் அரங்கம். 1892இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது, இன்றும் தேவாலய பெஞ்சில்தான் உட்கார வேண்டும். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலிக் கச்சேரி அங்கேதான் நடந்தது. பாடகர்கள் இடைவேளையில் பின்பக்கமாக நழுவி டூட்சி கடையில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு திரும்புவார்களாம். டூட்சி அம்மா காசில்லாத பாட்டெழுதிகளுக்குக் கடன் சீட்டு எழுதி ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைப்பாராம், கிளம்பாத குடிகாரரைத் தொப்பி ஊசியால் குத்திக் கிளப்புவாராம். பாடகர் வில்லி நெல்சன், பேர் எடுப்பதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்து கிடந்தவர்தான்.

ஒன்று மட்டும். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், அந்தக் கணக்கில் அங்கே பகல் 11 என்றால் திருப்பூரில் ராத்திரி 9.30. உடம்பு தூங்கப் போகிற நேரம். நான் வெறும் வயிற்றில் மூன்று பீர் குடித்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தவன், எழுந்தபோது எட்டு மணி, இருட்டு, எந்த ஊர் என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்க. அதே தெருவில் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்ற பாரில் வறுத்த பொலோனா (ஒரு வகை இறைச்சித் துண்டு) சாண்ட்விச்சும் பீரும் சேர்த்து மலிவாகக் கிடைக்கும், என்ன கறி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்க.

என் மகனுக்கு 24 வயது, நாஷ்வில்லில்தான் வேலை. மத்தியானம் பாரில் பீர் கிளாஸோடு போட்டோ அனுப்பியிருக்கிறான். பட்டப்பகலில் குடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டானா?
(ஓர் அம்மா, கோபிசெட்டிபாளையம்)

போட்டோவை அம்மாவுக்கே அனுப்புகிறான் என்றால் ஒளிக்க ஒன்றும் இல்லை அக்கா. பகலில் அங்கே பல கடைகளில் குழந்தை குட்டியோடு வந்து பர்கர் சாப்பிட்டுப் பாட்டுக் கேட்பார்கள், சாயங்காலத்துக்குப் பிறகுதான் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வெளியே அனுப்புவார்கள். நம்ம ஊர் பாரை மனசில் வைத்துக்கொண்டு அழாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கார் யார் ஓட்டினது? நாஷ்வில் இருக்கிற டென்னசி மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் நிரூபணமானால் முதல் தடவைக்கே குறைந்தது 48 மணி நேரம் ஜெயில். விசாவில் இருப்பவனுக்குக் கைதானாலே விசா ரத்தாகலாம், தீர்ப்பு வரைக்கும் போக வேண்டியதில்லை.

அதே ரெண்டு பீர், ராத்திரியை விடப் பகலில் ஏன் தூக்குகிறது?
(வாசகர், ஈரோடு)

பாதி வெறும் வயிறு. சோறு உள்ளே இருந்தால் சாராயம் இரைப்பையிலேயே கொஞ்ச நேரம் தங்கும். இல்லாவிட்டால் நேராகச் சிறுகுடலுக்குப் போய் மளமளவென்று ரத்தத்தில் ஏறும். மீதி, உங்க ஊர் வெயில். வியர்வையில் போகிற தண்ணி போக, பீர் வேறு சிறுநீராக இழுத்துவிடும். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஒரு சின்ன பீர் அளவுதான் கரைக்கும், பகலாக இருந்தாலும் அதே வேகம். அமெரிக்காவில் பெரும்பாலும் 100 மில்லி ரத்தத்தில் சாராயம் 80 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் வண்டி ஓட்ட விடுவார்கள், இங்கே 30 தான். ரெண்டு பீருக்கப்புறம் சாவியைத் தொடாதீங்க.

நம்ம பக்கம் அப்படி ஒரு தெரு வராதா?
(வாசகர், பொள்ளாச்சி)

மதுவிலக்கை முதன்முதலில் 1937இல் ராஜாஜி கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான், திருச்செங்கோடெல்லாம் அப்போது அதற்குள்ளே. உங்க தோப்பில் இறக்க வேண்டிய கள்ளுக்கே 1987லிருந்து தடை. டாஸ்மாக் பகல் 12க்குத் திறக்கிறது, ஆனால் அங்கே யாரும் உட்கார்ந்து ரசிக்கிறதில்லை, நின்றவாக்கில் ஊற்றிக்கொண்டு வாயைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். பகலும் பாட்டும் குடியும் ஒன்றாகச் சேர்வது கெடா வெட்டில்தான். உருமி முன்னால், பாட்டில் தென்னை மரத்துக்குப் பின்னால்.

நான் ஹோட்டல் பாரில் கீபோர்டு வாசிக்கிறேன். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே ஒரு ஷிப்ட் வாசிக்கலாமா?
(வாசகர், கோவை)

கூடாதுங்க தம்பி. வாளியில் விழுகிற டாலரும் சம்பாத்தியம்தான், சுற்றுலா விசாவில் அது ஆகாது. போனால் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்த ஸ்டீல் கிட்டார்காரர் கையைப் பாருங்க. காலை ஷிப்டில் கூட்டம் இருக்காது, நெருக்கமாகவே பார்க்கலாம்.